15,000 ரூபாயில் குழந்தைக்கு ஓர் அறை

கேள்வி: நாங்கள் தாம்பரத்தில், இருபது ஆண்டு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். படுக்கையறைகள் இரண்டு. எனக்கு இது தலைப்பிரசவம். ஆகஸ்ட் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். வளைகாப்பு முடிந்ததும் தஞ்சாவூரில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். மூன்றாம் மாதம் குழந்தையோடு திரும்பி வருவேன். அதற்குள் 10க்கு 9 அடி உள்ள சின்ன அறையைக் குழந்தைக்கென்று அலங்கரிக்க ஆசைப்படுகிறோம். ஓர் அலங்கார நிறுவனத்தில் விசாரித்தால் 80,000 ரூபாய் என்கிறார்கள். எங்களால் 15,000தான் முடியும். அந்த அறையின் ஒரு சுவரில் மழைக்காலத்தில் ஈரம் ஊறிப் பெயின்ட் உரிகிறது. மேலே வால்பேப்பர் ஒட்டி மறைத்துவிடலாமா? என்ன நிறம் நல்லது? கட்டில் வாங்குவதா, தூளி கட்டுவதா? சுவரில் ஆணி அடிக்க உரிமையாளர் சம்மதிக்க மாட்டார். பிறக்கும் முன்னால் குழந்தைக்கு எதுவும் வாங்கக் கூடாது என்று மாமியார் சொல்கிறார். எதிலிருந்து தொடங்குவது?
– வாசகி, தாம்பரம்

உள்ளலங்கார வடிவமைப்பாளரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் ஒதுக்கியிருக்கும் 15,000 ரூபாய் போதும். அந்த நிறுவனம் கேட்ட 80,000 எதற்கெல்லாம் என்று நீங்கள் எழுதவில்லை. இத்தகைய மதிப்பீடுகளில் பெரும்பகுதி சுவர் ஓவியம், பொய்க்கூரை, மரவேலை ஆகியவற்றுக்கே போகும் என்பதை என் தொழிலில் பார்த்து வருகிறேன். இவற்றில் ஒன்றுகூட மூன்று மாதக் குழந்தைக்குத் தேவையில்லை. குழந்தைக்கு வேண்டியவை ஈரமில்லாத சுவர், கொசு நுழையாத ஜன்னல், சமமான படுக்கை, பாலூட்டும் தாய்க்கு முதுகு சாய ஓர் இடம் ஆகியவைதான். பணத்தை இந்த வரிசையில் செலவழித்துவிட்டு, மிஞ்சுவதை அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட செய்தி, நீங்கள் திரும்பி வரும் காலம். ஆகஸ்ட் கடைசியில் பிறக்கும் குழந்தை நவம்பர் கடைசியில் தாம்பரத்துக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழை நின்று பெய்கிற காலம் அது. சுவரில் ஈரம் ஏறுவதும், கொசு பெருகுவதும், துவைத்த துணி காயாமல் கிடப்பதும் அப்போதுதான். ஆகவே இந்த அறையை வெயில் காலத்துப் படங்களைப் பார்த்துத் திட்டமிடாமல், நவம்பர் மாத மழை நாளை மனத்தில் வைத்துத் திட்டமிடுவோம்.

முதல் வேலை அந்தச் சுவர். வால்பேப்பர் ஒட்டி மறைக்கும் எண்ணத்தைத் தயவுசெய்து கைவிட்டுவிடுங்கள். ஈரமான சுவரின் மேல் தாளோ வினைல் விரிப்போ ஒட்டினால், உள்ளே இருக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் பசைக்கும் சுவருக்கும் இடையில் பூசணம் பிடிக்கும். மேலே பூவும் யானையும் அழகாகத் தெரியும். பின்னால் வளரும் கறுப்புப் பூசணத்தின் நுண்துகள்கள் அறைக் காற்றில் கலந்துகொண்டிருக்கும். பச்சிளம் குழந்தையின் மூச்சுக்குழாய் மிகவும் குறுகலானது என்பதால், பெரியவர்களுக்கு வெறும் தும்மலைத் தருகிற காற்று அதற்கு இழுப்பையும் இருமலையும் தரக்கூடும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை வீட்டிலேயே கண்டறியலாம். ஓர் அடி சதுரமுள்ள தெளிவான பாலிதீன் தாளை, ஈரம் படியும் இடத்தில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில், உட்புறமாக நீர்த்துளிகள் கோத்து நின்றால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று பொருள். தாளின் வெளிப்புறம் நனைந்திருந்தால், அது அறையில் காற்றோட்டம் போதாமல் படிந்த ஈரம். முதல் வகை என்றால், அந்தச் சுவரின் மறுபக்கம் குளியலறை இருக்கிறதா, வெளிப்பூச்சில் விரிசல் ஓடுகிறதா, மழைநீர்க் குழாய் இணைப்பு கசிகிறதா என்று பார்த்து அங்கே சரிசெய்ய வேண்டும். உட்பக்கம் எத்தனை முறை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழையில் உரிந்துவிடும். தாளில் எதுவுமே தெரியாவிட்டாலும் சுவர் சரியாகிவிட்டதாக எண்ணாதீர்கள். கோடையில் காய்ந்திருக்கும் சுவர் ஒரு நல்ல மழைக்குப் பிறகுதான் உண்மையைக் காட்டும் என்பதால், மழை பெய்த மறுநாள் மீண்டும் ஒட்டிப் பாருங்கள்.

இந்தச் செலவு உரிமையாளருடையது. சுவரையும் பாலிதீன் தாளையும் படம் எடுத்து, எந்த மாதத்தில் எப்படி இருந்தது என்று தேதியோடு எழுதி, இப்போதே அவருக்கு அனுப்புங்கள். ஆணி அடிக்க மறுக்கும் உரிமையாளர்கள்கூடத் தங்கள் சுவர் கெடுவதைக் கேட்டால் ஆள் அனுப்பிவிடுவார்கள். வேலை செப்டம்பருக்குள் முடிந்தாக வேண்டும். அக்டோபரில் மழை தொடங்கிவிட்டால் வெளிப்பூச்சு காயாது.

பெயின்ட் வேலையை நீங்கள் தஞ்சாவூரில் இருக்கும்போது உங்கள் கணவர் முடிப்பதுதான் சரி. நான்கு சுவரும் தேவையில்லை. சரிசெய்த சுவருக்கும் ஜன்னல் சட்டங்களுக்கும் அடித்தால் போதும். 100 சதுர அடிச் சுவருக்கு இரண்டு கோட் அடிக்க ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் எமல்ஷன் ஆகும். மணம் குறைந்த, ஆவியாகும் வேதிப்பொருள் குறைவாக உள்ள வகை என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். லிட்டருக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் இந்த ஓர் இடத்தில் சிக்கனம் வேண்டாம். அடித்த பிறகு ஒரு மாதமாவது ஜன்னலைத் திறந்துவைத்து, விசிறியை ஓடவிட்டு அறையைக் காயவிட வேண்டும்.

ஜன்னல் கதவுகளிலும் கம்பிகளிலும் இருக்கும் பழைய எனாமல் பெயின்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற 2016ஆம் ஆண்டு விதி, 2017 நவம்பர் முதல்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கட்டடம் இருபது ஆண்டு பழையது என்பதால், அடியில் இருக்கும் அடுக்குகளில் ஈயம் இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். ஈயம் கலந்த தூசு குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கருவில் இருக்கும் குழந்தைக்கும் தீங்கு செய்யும். எனவே உப்புத்தாளை உலர்ந்த நிலையில் போட்டுத் தேய்க்க வேண்டாம். நீர் தெளித்து ஈரமாகத் தேய்த்து, உதிர்வதை ஈரத்துணியால் துடைத்தெடுத்துப் பையில் கட்டி எறிந்துவிட்டு, பிறகு புதுப் பெயின்ட் அடிக்கட்டும். வேலை செய்பவர் முகக்கவசம் அணியட்டும். அந்த நாள்களில் நீங்கள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

அடுத்தது கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. பகலில் பெரும்பகுதி நேரம் தூங்குகிற குழந்தைக்கு இரவில் மட்டும் வலை கட்டுவது போதாது. கடையில் கிடைக்கும் ஒட்டுப் பட்டையோடு கூடிய ஜன்னல் வலையை இரண்டு படுக்கையறை ஜன்னல்களுக்கும் அளவெடுத்துப் போடுங்கள். ஆணியும் வேண்டாம், துளையும் வேண்டாம், வீடு மாறும்போது பிரித்தெடுத்துக்கொள்ளலாம். பகல் தூக்கத்துக்குக் குடைபோல் விரியும் சின்னக் கொசுவலை ஒன்று தேவை. கொசுவத்திச் சுருளைக் குழந்தை இருக்கும் அறையில் கொளுத்தவே வேண்டாம். குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடுவது நம் வீடுகளின் பழக்கம்தான்; ஆனால் குழந்தை மருத்துவர்கள் எந்தப் புகையும் வேண்டாம் என்றே சொல்கிறார்கள். மாமியாரிடம் இதை நீங்கள் சொல்வதைவிட, முதல் தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரையே சொல்லச் சொல்வது எளிது.

இப்போது, அறை யாருக்கு என்ற கேள்விக்கு வருகிறேன். குழந்தைக்குத் தனி அறை என்ற எண்ணமே வேறு நாட்டு வீடுகளின் படங்களிலிருந்து நமக்கு வந்தது. அந்த நாட்டு மருத்துவர்களே இன்று அதை முதல் மாதங்களில் விரும்புவதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாதெமி 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதலில், குறைந்தது முதல் ஆறு மாதங்களுக்குக் குழந்தை பெற்றோர் படுக்கும் அறையிலேயே, ஆனால் தனக்கென்று உள்ள தனிப் படுக்கையில், மல்லாந்த நிலையில் தூங்க வேண்டும் என்று சொல்கிறது. ஆகவே உங்கள் சின்ன அறையைப் பகல் அறையாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்ப்பது, உடை மாற்றுவது, பாலூட்டுவது, விளையாட்டுக் காட்டுவது எல்லாம் அங்கே நடக்கட்டும். இரவுப் படுக்கை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

படுக்கையைப் பொறுத்தவரை, பூட்டுச் சக்கரமும் நான்கு பக்கக் கம்பித் தடுப்பும் உள்ள எளிய குழந்தைக் கட்டில் உங்களுக்கு ஏற்றது. இரண்டு அறைக்கும் தள்ளிக்கொண்டு போகலாம். உறவினர் வீட்டில் சும்மா கிடக்கிற கட்டில் கிடைத்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்; ஆனால் கையில் ஒரு அளவுகோலோடு போங்கள். கம்பிகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. அதற்குமேல் இருந்தால் குழந்தையின் உடல் நழுவித் தலை மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கத் தடுப்பு மேலும் கீழும் இறங்குகிற பழைய மாதிரி வேண்டாம். அந்த வகையை அமெரிக்காவில் 2011இலேயே விற்கத் தடை செய்துவிட்டார்கள். திருகுகளை எல்லாம் முடுக்கிவிட்டு, கட்டிலின் மூலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மெத்தைக்கும் சட்டத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் சந்து இருந்தால் மெத்தையை மாற்ற வேண்டும்.

மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் புதிதாகத் தைக்கும் இலவம்பஞ்சு மெத்தை பெரியவர்களுக்குச் சுகம். குழந்தை குப்புறத் திரும்பினால் முகம் அதில் புதையும். உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்தி எடுங்கள். கைபட்ட பள்ளம் அப்படியே நின்றால் அந்த மெத்தை குழந்தைக்கு ஆகாது. மேலே இறுக்கிச் செருகிய ஒரு பருத்தி விரிப்பு போதும். கட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு, தலையணை, பொம்மை, கனத்த போர்வை எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. படங்களில் பார்ப்பதற்கு இவைதாம் மிக அழகாக இருக்கும், விலையும் இவற்றுக்குத்தான் அதிகம். ஆனால் மூச்சை அடைக்கும் ஆபத்தும் இவற்றில்தான் இருக்கிறது. பஞ்சுத் தடுப்பை அமெரிக்காவில் 2022இல் சட்டம் போட்டே தடுத்திருக்கிறார்கள்.

தூளியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பருத்திப் புடவையில் கட்டிய தூளியில் கிடந்து வளராதவர்கள் நம்மில் குறைவு. அழும் குழந்தையை அது சமாதானப்படுத்துவதுபோல் வேறெதுவும் சமாதானப்படுத்துவதில்லை என்பதும் உண்மை. ஆனால் தூளியில் உடல் வளைந்து, தாடை நெஞ்சில் பதிந்து, மூச்சுப் பாதை மடங்கக்கூடும். ஆகவே பக்கத்தில் ஒருவர் விழித்திருந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பகல் நேரத்தில் மட்டும் ஆட்டுங்கள். கண் அயர்ந்ததும் தூக்கிச் சமமான படுக்கையில் கிடத்திவிடுங்கள். உரிமையாளர் கொக்கி போடச் சம்மதிக்காவிட்டால், விசிறி மாட்டிய கொக்கியில் தூளியையும் சேர்த்துக் கட்டும் வேலை வேண்டவே வேண்டாம். இரும்புத் தூளி ஸ்டாண்டு உறவினர் வீடுகளில் கட்டாயம் ஒன்றாவது இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

பாலூட்டும் இருக்கையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நாளைக்கு எட்டு முறையோ பத்து முறையோ நீங்கள் உட்காரப்போகும் இடம் அது. பிரசவத்துக்குப் பிறகு முதுகு வலி எப்படி இருக்கும் என்பதை உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். விலை உயர்ந்த ஆடு நாற்காலி தேவையில்லை. கை வைத்த, முதுகு உயரமான நாற்காலி ஒன்று, இடுப்புக்கு ஒரு தலையணை, மடியில் குழந்தையை உயர்த்திக்கொள்ள இன்னொன்று, கால் வைக்க ஒரு பலகை ஆகியவை போதும். கை எட்டும் தூரத்தில் தண்ணீர்ச் சொம்பும் துண்டும் வைக்க இடம் இருக்கட்டும். இரவில் டியூப்லைட்டைப் போட்டால் குழந்தையும் விழித்துக்கொள்ளும், உங்கள் தூக்கமும் கலைந்துவிடும். மஞ்சள் ஒளி தரும் சின்ன எல்இடி பல்பு ஒன்றை, குழந்தையின் கண்ணில் நேராகப் படாதபடி தாழ்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கு வருவோம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று அறிவிப்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருப்பதால், நீலமா இளஞ்சிவப்பா என்ற குழப்பத்துக்கு நம் நாட்டில் இடமே இல்லை. அது ஒரு நிம்மதி. சின்ன அறைக்கு வெளிறிய மஞ்சளோ, இளம்பச்சையோ, சந்தன நிறமோ வெளிச்சம் கூட்டும். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். பாலூட்டும் தாயின் முகம் இருக்கும் தூரம் அது. முதல் வாரங்களில் கறுப்பும் வெள்ளையுமாகப் பளிச்சென்று மாறுபடும் வடிவங்களையே அது உற்றுப் பார்க்கும். இதற்கு நம்மிடம் இருக்கும் அருமையான பொருள் கோலம். கறுப்புச் சார்ட் அட்டையில் வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய சிக்குக்கோலம் போட்டு, தஞ்சாவூரில் உங்கள் அம்மா வீட்டிலேயே, குழந்தை விழித்திருந்து பக்கவாட்டில் தலை திருப்பிப் பார்க்கிற உயரத்தில் வையுங்கள். இழை மெல்லியதாக இருந்தால் குழந்தைக்குத் தெரியாது. விரல் பருமன் இருக்கட்டும். தாம்பரத்துக்கு வரும் மூன்றாம் மாதத்தில் நிறங்களும் பிடிபடத் தொடங்கியிருக்கும். அப்போது சிவப்பும் மஞ்சளும் சேர்த்து இன்னொன்று போடலாம்.

தொட்டிலுக்கு மேலே சுழலும் பொம்மை வாங்க வேண்டாம் என்பேன். குழந்தை கையை ஊன்றி எழும்பத் தொடங்கும்போது, ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில், அதைக் கழற்றிவிட வேண்டும். உங்கள் வீட்டில் அது இரண்டு மாதம்தான் சுழலும். உடை மாற்றும் இடத்துக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில், நீங்களே வெட்டிக் கட்டிய காகிதக் கிளிகளைத் தொங்கவிடுங்கள்.

திரைச்சீலைக்கு உங்கள் பழைய பருத்திப் புடவைகளே அழகு. ஒரு புடவை ஐந்தரை மீட்டர் இருக்கும். ஒன்றரை மீட்டர் உயர ஜன்னலுக்கு அதிலிருந்து மூன்று துண்டுகள் கிடைக்கும். கரை கீழே வருமாறு வைக்க இடமில்லை, பக்கவாட்டில் ஓடட்டும். முந்தானைத் துண்டை நடுவில் போட்டால் நன்றாக எடுப்பாக இருக்கும். ஜன்னல் சட்டத்தின் இரு பக்கமும் அழுந்தி நிற்கிற திருகு கம்பியில் மாட்டினால் ஆணியே தேவையில்லை. இழுகயிறு தொங்கும் திரைகள் மட்டும் வேண்டாம், கயிறு குழந்தையின் கழுத்தில் சுற்றக்கூடும். தரையில் கோரைப்பாயும் அதன்மேல் ஒரு பவானி ஜமுக்காளமும் விரித்தால், அந்த நிறக்கோடுகளே அறைக்குப் போதுமான அலங்காரம். குப்புறப் படுத்துத் தலை தூக்கிப் பழகவும் அதுவே இடம். கட்டிலுக்கு மேலேயுள்ள சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட படம் எதையும் மாட்ட வேண்டாம்.

துணிகளைப் பற்றி இரண்டு செய்திகள். பரணிலும் பெட்டியிலும் எடுத்துவைத்த பழைய குழந்தைத் துணிகள் வந்துசேரும். அவற்றில் அந்துருண்டை போட்டிருந்தால், அதன் நாப்தலீன் சில குழந்தைகளுக்கு, குறிப்பாக ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்தவர்களுக்கு, இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கும். துவைத்து, வெயிலில் போட்டு, வாடை முழுவதும் போன பிறகே பயன்படுத்துங்கள். குழந்தையின் அலமாரியில் அந்துருண்டை வைக்காதீர்கள். இரண்டாவது, நவம்பர் மழையில் ஈரத்துணிகளைக் குழந்தையின் அறையில் உலர்த்தாதீர்கள். சரிசெய்த சுவரில் மறுபடி ஈரம் படிய அதுவே காரணமாகிவிடும். மடக்கு ஸ்டாண்டைக் கூடத்து விசிறியின் கீழ் போட்டுக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கு கடைக்குக் கடை மாறும் என்றாலும், நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன். பெயின்ட்டுக்கும் ஆள்கூலிக்கும் 4,000, இரண்டு அறை ஜன்னல் வலைக்கு 2,500, கட்டிலுக்கு 4,500, மெத்தைக்கும் விரிப்புகளுக்கும் 1,200, குடைவலைக்கு 400, நாற்காலிக்கும் தலையணைக்கும் 1,000, விளக்குக்கு 400. மொத்தம் 14,000. மீதி 1,000 ரூபாயை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சார்ட் அட்டைக்கும் திருகு கம்பிக்கும் தையல் கூலிக்கும் அது போதும். கட்டில் உறவினரிடம் கிடைத்துவிட்டால் மிச்சமாகும் தொகையை, குழந்தை தவழத் தொடங்கும்போது தாழ்வான மின் பிளக்குகளை மூடவும் பீரோ சாயாமல் கட்டவும் எடுத்துவையுங்கள்.

மாமியாரின் சொல்லை மீற வேண்டிய தேவை எதுவும் இதில் இல்லை. பிரசவத்துக்கு முன் செய்ய வேண்டியவை எல்லாம் வீட்டைச் சீர்படுத்துகிற வேலைகள்: சுவர், ஜன்னல், வலை. இவை குழந்தைக்கென்று வாங்குபவை அல்ல. வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் உரியவை. கட்டிலையும் மெத்தையையும் குழந்தை பிறந்து, நீங்கள் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் வாங்கினால் போதும். பெயர் சூட்டும் விழாவுக்கு வருபவர்கள் என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டால் கூச்சப்படாமல், பொம்மை வேண்டாம், பருத்தி விரிப்பும் துண்டும் போதும் என்று சொல்லுங்கள். அதை மாமியார் வாயால் சொல்லச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.